முதலில் பெட்டிகளை இறக்கு

அன்பு முரளி,

மூன்று மாதமாகப் பதில் போடாததற்கு மன்னித்துவிடு. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சின்னவன் பத்தாவது தேறிவிட்டான். சேதுவைப் பார்த்தால், அந்தப் பழனி மூட்டையை இன்னும் யாரும் மறக்கவில்லை என்று சொல்.

நீ அனுப்பிய படத்தைப் பார்த்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. பிஎம்டபிள்யூ ஆர் 1250 ஜிஎஸ் பைக் வாங்கியதில் எனக்கும் சந்தோஷம்தான். 1254 சிசி, 136 குதிரைத்திறன், செயினுக்குப் பதில் பின்சக்கரத்தைச் சுழற்றும் தொல்லையில்லாத ஷாஃப்ட். நீண்ட தூரத்துக்கு இதைவிடச் சுகமான வண்டி குறைவு. என் கவலை அதன்மேல் நீ ஏற்றி வைத்திருப்பதைப் பற்றி. இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டி, பின்னால் டாப் பாக்ஸ், அதன் தலையில் ஒரு டஃபிள் பை, டேங்க் மேல் இன்னொரு பை. இதோடு கீதாவையும் ஏற்றிக்கொண்டு ஜூலையில் மணாலியிலிருந்து லே போகிறாயாம். குடித்தனம் மாறுகிறாயா?

கணக்கைச் சேர்ந்து போடுவோம். அந்த வண்டிக்குக் கம்பெனி அனுமதிக்கும் மொத்த எடை 465 கிலோ. டேங்க் நிரம்பிய வண்டி மட்டும் 249. மீதி 216. நீ 84, குறைத்துச் சொல்லாதே. கீதா 60. இருவரின் ஹெல்மெட், ஜாக்கெட், பேன்ட், பூட்ஸ் எல்லாம் சேர்த்து 16 கிலோவாவது வரும். ஆக 160 போய்விட்டது. எஞ்சிய 56-இல் கிராஷ் கார்டு, பெட்டி மாட்டும் கம்பி, மூன்று காலிப் பெட்டிகள் எல்லாம் சேர்ந்து 25-ஐத் தொடும். சாமானுக்கு மிஞ்சுவது முப்பது கிலோதான். படத்தில் தெரிவது முப்பது கிலோ இல்லை என்று உனக்கே தெரியும். வீட்டில் எடை மெஷின் இருக்கிறதே, ஒவ்வொன்றையும் அதில் வைத்துப் பார்த்து எழுது.

எவ்வளவு எடை என்பதோடு, அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் முக்கியம். டாப் பாக்ஸ் பின்சக்கர அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. அங்கே பத்து கிலோ ஏற்றினால் அது அச்சை மையமாக வைத்து நெம்புகோல் மாதிரி வேலை செய்து முன்சக்கரத்தைத் தூக்கப் பார்க்கும். தார்ச்சாலையில் ஹேண்டில் லேசாவதோடு சரி. மணலிலும் உருளைக்கல்லிலும் முன்சக்கரம் பிடிப்பு விட்டு, அது போகிற பக்கம் உன்னை இழுத்துக்கொண்டு போகும். சஸ்பென்ஷனை ஆட்டோவில் வைத்தால் பாரத்துக்கு ஏற்றபடி பின்பக்கத்தை அதுவே சரிசெய்யும், உண்மைதான். ஆனால் எடை இருக்கிற இடத்தை அதனால் மாற்ற முடியாது.

இனி எழுதுவதை நிதானமாகப் படி. மணலில் வண்டி ஆடும்போது யாராக இருந்தாலும் காலை ஊன்றத்தான் பார்ப்பார்கள். ஊன்றிய கால் நிற்கும், வண்டி முன்னால் நகரும், பின்னால் வருகிற அலுமினியப் பெட்டி கெண்டைக்காலில் ஏறும். பூட்ஸ் மணலில் புதைந்திருப்பதால் காலை இழுக்கவும் முடியாது. கணுக்காலும் கீழ்க்கால் எலும்பும் உடைவது இப்படித்தான். லே போகும் வழியிலுள்ள மோர் சமவெளியில் அது நடந்தால் ஆஸ்பத்திரிக்கு எத்தனை மணி நேரம் என்று யோசி. அதனால் பெட்டிகளைக் கழற்றிவிட்டு நீர் புகாத துணிப்பைகள் போடு. ஆளுக்கு ஒன்றாக, ஒவ்வொன்றும் பத்து கிலோவுக்குள். கனமான டூல் கிட், தண்ணீர், பஞ்சர் சாமான் எல்லாம் பையின் அடியில், கீதாவின் காலுக்குப் பக்கமாக இருக்கட்டும். தூங்கும் பை, கம்பளி மாதிரி இலேசானவை மேலே. பட்டைகளை இழுத்துக் கட்டியபின் தொங்கும் நுனியைச் சுருட்டிச் செருகு. படத்தில் ஒரு பட்டை பின்சக்கரத்துக்கு நாலு விரல் தள்ளித்தான் தொங்குகிறது.

உன் வண்டியின் வம்சத்தில் முதலாவது, 1980-இல் வந்த ஆர் 80 ஜி/எஸ், இருநூறு கிலோவுக்குக் கீழே. அடுத்த ஆண்டே ஹூபர்ட் ஓரியோல் அந்த வம்சத்து வண்டியில் பாரிஸ்–டக்கார் பாலைவனப் பந்தயத்தை ஜெயித்தார். இப்போது வந்திருக்கும் ஆர் 1300 ஜிஎஸ்ஸிலும் எடையைத்தான் 237-க்கு இறக்கியிருக்கிறார்கள். கம்பெனி பன்னிரண்டு கிலோ குறைக்க அவ்வளவு பாடுபட்டிருக்கிறது. நீ ஒரு பெட்டியைக் கழற்றினாலே அதில் பாதி வந்துவிடும்.

வண்டி ஒரு தடவையாவது விழும். தூக்கும் முறையை இங்கேயே, புல்தரையில் பழகிக்கொண்டு போ. முதலில் எஞ்சினை அணைக்கும் கில் ஸ்விட்ச், பிறகு சாவி. உடனே தூக்காதே. 4,800 மீட்டர் உயரத்தில் மூச்சு வாங்கும், ஐந்து நிமிடம் உட்கார். பைகளை அவிழ். இரண்டு பக்கமும் சிலிண்டர் நீட்டிக்கொண்டிருக்கும் பாக்ஸர் எஞ்சினாக இருப்பதால் வண்டி முழுசாகப் படுக்காமல் சிலிண்டர் மேலேயே சாய்ந்து நிற்கும், பாதி வேலை அங்கேயே முடிந்தது. வலப்பக்கம் விழுந்திருந்தால் தூக்குமுன்பே சைடு ஸ்டாண்டைத் திறந்து வை. இடப்பக்கம் என்றால் கீதா எதிர்ப்பக்கம் நிற்கட்டும், வேகமாகத் தூக்கினால் அந்தப் பக்கம் சாயும். முதல் கியரில் போடு. முன்சக்கரத்தின் மூக்கு தரையைப் பார்க்கும்படி ஹேண்டிலை முழுக்கத் திருப்பு. வண்டிக்கு முதுகு காட்டி, சீட் விளிம்பில் இடுப்பை அழுத்தி உட்கார். ஒரு கை கீழே இருக்கும் கிரிப்பில், மறுகை பின்கம்பியில். முதுகை வளைக்காமல், தொடை பலத்தால், சின்னச் சின்ன அடியாகப் பின்னோக்கி நட. கையால் இழுத்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது வெள்ளைப் புகை வந்தால் பயப்படாதே, சிலிண்டருக்குள் இறங்கிய எண்ணெய் எரிகிறது, சீக்கிரம் அடங்கிவிடும்.

டயர். தார்ச்சாலையில் முன் 2.5, பின் 2.9 பார், அதாவது 36-க்கு 42 பிஎஸ்ஐ. உன்னுடையது வார்ப்பு அலாய் சக்கரம். கல் பாதையில் இருவரும் பாரத்தோடு போகும்போது 2.0-க்கு 2.3 வரை இறக்கலாம். அதற்குக் கீழே போனால் கல்லில் இடித்து ரிம் நசுங்கும், நசுங்கினால் டியூப்லெஸ்ஸில் காற்று நிற்காது. தார் வந்ததும் மறக்காமல் அடித்துக்கொள், சின்ன கம்ப்ரெசர் போதும். ஒரு விஷயம் பலரைக் குழப்பும். மணாலியில் அடித்த காற்று 5,328 மீட்டர் உயர டங்லங் லா கணவாயில் கால் பார் அளவுக்குக் கூடுதலாகக் காட்டலாம். வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் வருவது அது. அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால் லேயில் இறங்கும்போது டயர் தொய்ந்திருக்கும். வண்டியின் திரை டயர் அழுத்தத்தை 20 டிகிரி வெப்பத்துக்குத் திருத்திச் சொல்லும், கையிலிருக்கும் கேஜ் அப்படிச் சொல்லாது. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று கேஜைத் தூக்கி எறியாதே.

பழைய வண்டி என்பதால் ஷாஃப்டைப் பார்க்காமல் கிளம்பவே கூடாது. பின்பக்க ரப்பர் உறைக்குள் ஈரம் இறங்கினால் ஷாஃப்டின் பல்வரிசை துருப்பிடிக்கும், பிறகு அதன் மூட்டு இறுகும். இந்த மாடலில் 60,000 கிலோமீட்டரில் ஷாஃப்டையே மாற்றச் சொல்லியிருக்கிறது கம்பெனி. முந்தின ஓனரிடம் பில் கேள். இல்லையென்றால் உறையைத் திறக்கச் சொல்லி உள்ளே விரல் விட்டுப் பார், செங்காவித் தூளோ தண்ணீரோ ஒட்டினால் பயணத்தைத் தள்ளிப்போடு. பின்சக்கரத்துக் கியர் பெட்டியின் எண்ணெய் 200 மில்லிகூட ஆகாது, 20,000 கிலோமீட்டர் அல்லது இரண்டு வருடம், எது முந்துகிறதோ அப்போது மாற்ற வேண்டும். வடித்த எண்ணெயில் சாம்பல் நிறக் குழம்பு இருந்தால் சரி, ஊசி மாதிரி மினுங்கினால் சரியில்லை. எஞ்சின் எண்ணெயை வண்டி நன்றாகச் சூடானபின் அணைத்து, மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து எஞ்சினிலுள்ள எண்ணெய் அளவுக் கண்ணாடியில் பார். சைடு ஸ்டாண்டில் பார்த்துவிட்டு எண்ணெய் ஊற்றிவிடாதே.

பெட்ரோலுக்காக நீ பத்து லிட்டர் கேன் கட்டியிருக்கிறாய். வழியிலுள்ள டாண்டி ஊர் பங்க்கில் ‘அடுத்த பங்க் 365 கிலோமீட்டர்’ என்ற பலகையைப் பார்த்துப் பயந்துதானே? 20 லிட்டர் டேங்க், பாரத்தோடு லிட்டருக்கு 18 என்றாலும் 360 வரும். கூட ஐந்து லிட்டர் போதும், அது நாலு கிலோவுக்குள்தான்.

ஓடைகளைக் காலையிலேயே கடந்துவிடு. வெயில் ஏறப் பனி உருகி, மதியத்துக்கு மேல் தண்ணீர் கூடும். கீதாவை இறக்கி நடக்கவிடு. நீயும் முதலில் நடந்து ஆழம் பார்த்துவிட்டு வா. அப்புறம் முதல் கியர், ஒரே சீரான ஆக்சிலரேட்டர், கண் எதிர்க்கரையில். நடுவில் நின்றால் திரும்பக் கிளப்புவது கஷ்டம். தண்ணீரில் சாய்ந்துவிட்டால் கில் ஸ்விட்சை அடி, செல்ஃப் போடாதே. ஏர் ஃபில்டர் பெட்டியும் ஸ்பார்க் பிளக்கும் பார்த்த பிறகுதான் ஸ்டார்ட்.

கிளம்ப இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் எல்லாவற்றையும் எடை போட்டு எழுது. கீதாவிடம் கேட்டுத்தான் அந்த இரும்பு தோசைக்கல்லை எடுத்து வைத்தாயா என்பதையும் சேர்த்து எழுது.

உன்,
ரகு