பிள்ளைங்களுக்கு கவுன்சிலிங் வைக்கறவங்க கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

பசங்க மனநலம் பத்தி உங்க பேப்பர்ல அடிக்கடி எழுதறீங்க, நல்ல விஷயம்தான், ஆனா ஒவ்வொரு தடவையும் கடைசி பாராவுல "மாணவர்களுக்கு கவுன்சிலிங் வழங்கப்பட வேண்டும்"னு ஒரு வரி போட்டு முடிச்சிடறீங்க. என்ன மாதிரி கவுன்சிலிங், யாரு குடுக்கறது, எத்தன பேர ஒண்ணா உக்கார வெக்கறது, இதெல்லாம் யாரும் கேக்கறதில்ல. கேக்காததால, எல்லாரையும் ஆடிட்டோரியத்துல அடைச்சு வெச்சு ஒருத்தர் மைக் புடிச்சு ரெண்டு மணி நேரம் பேசிட்டு போறது கூட கவுன்சிலிங் கணக்குல சேந்துடுது. வீட்டுல ஒரு சாவ பாத்த பதின்ம வயசு பிள்ளைங்களுக்கான குழு ஒண்ணுல துணைக்கு உக்கார்றவ நான், அதனாலதான் எழுதறேன்.

அந்த மாதிரி ஆடிட்டோரியம் நிகழ்ச்சி ஒண்ண பக்கத்துல இருந்து பாத்திருக்கேன். வந்தவரு நல்லாத்தான் பேசினாரு, ஜோக் அடிச்சாரு, கைதட்டல் எல்லாம் பலமா இருந்துச்சு, திடீர்னு "உங்கள்ல யாருக்கெல்லாம் ஸ்ட்ரெஸ் இருக்கு, கைய தூக்குங்க பாப்போம்"னாரு. கூட படிக்கறவங்க, டீச்சருங்க எல்லாரும் பாத்துட்டு இருக்கறப்ப எந்த பிள்ளைங்க தூக்கும்? கடைசி வரிசையில சில பசங்க விளையாட்டுக்கு தூக்கினானுங்க, ஹாலே சிரிச்சுது. நெஜமாவே தூக்க வேண்டிய பிள்ளையும் அந்த சிரிப்ப கேட்டுட்டுதான் கிளாசுக்கு திரும்பி போயிருக்கும்.

உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்குப்படி 10லருந்து 19 வயசுல இருக்கறவங்கள்ல 7 பேருக்கு ஒருத்தர் ஏதோ ஒரு மனநல பிரச்சனையோட இருக்காங்க. 40 பேர் கிளாஸ்னா அஞ்சாறு பேரு. எல்லாருக்கும் பொதுவா ஏதாவது சொல்லி குடுத்துட்டா சரியாயிடும்னு நெனைக்கறது சுலபம், அதையும் செஞ்சு பாத்துட்டாங்க. பிரிட்டன்ல 8,000க்கு மேல பள்ளி மாணவர்கள வெச்சு பெரிய ஆய்வு நடத்தினாங்க, கிளாஸ் டீச்சருங்களுக்கே டிரெயினிங் குடுத்து மொத்த கிளாசுக்கும் மைண்ட்ஃபுல்னஸ் பயிற்சி, அதாவது மூச்சையும் மனசுல ஓடறதையும் நிதானமா கவனிக்க பழகறது. 2022ல ரிசல்ட் வந்துச்சு, வழக்கமா நடக்கற பாடத்த விட இதால பசங்க மனநலத்துக்கு கூடுதலா ஒரு பிரயோஜனமும் தெரியல. பயிற்சியே தப்புன்னு நான் சொல்ல வரல, ஆனா வேணும்ங்கறவனுக்கும் வேணாம்ங்கறவனுக்கும் ஒரே மருந்த ஒரே நேரத்துல ஊத்தினா இப்படித்தான் ஆகும்.

சரி, சின்ன குழுவா உக்கார வெச்சா? அங்கதான் விஷயமே இருக்கு. குழுன்னாலே கவுன்சிலர் பத்தாததால பண்ற சிக்கனம்னு நெறைய பேரு நெனைக்கறாங்க. ஆரம்பம் என்னமோ கொஞ்சம் அப்படித்தான், 1905ல பாஸ்டன்ல ஜோசப் பிராட்னு ஒரு டாக்டரு, ஆஸ்பத்திரியில தங்கி வைத்தியம் பாக்க வசதி இல்லாத காசநோய்க்காரங்கள ஒண்ணா கூட்டி, வீட்டுல எப்படி இருக்கணும்னு சொல்லி குடுத்தாரு. போக போக பாத்தா அவரு சொல்லி குடுத்தத விட அவங்க ஒருத்தர ஒருத்தர் பாத்து தெம்பாகறதுதான் பெருசா இருந்துச்சு. பிள்ளைங்க விஷயத்துல இது இன்னும் அதிகம், ஏன்னா அந்த வயசுல வலிய விட "எனக்கு மட்டும்தான் இப்படி"ங்கற நெனப்புதான் ஆள கொல்லுது. அத பெரியவங்க எவ்ளோ பேசினாலும் எடுக்க முடியாது.

அடையாளம் தெரியாம மாத்தி ஒண்ணு சொல்றேன். எங்க குழுவுல ஒரு பையன், வாரா வாரம் வருவான், ஒரு வார்த்த பேச மாட்டான், தண்ணி பாட்டில் மேல ஒட்டியிருக்கற லேபிள நகத்தால சுரண்டிட்டே இருப்பான். ஒரு நாள் இன்னொரு பொண்ணு, "அப்பா போனப்புறம் எங்கம்மா போன்ல யார்கிட்டயாவது சிரிச்சு பேசினா எனக்கு பத்திட்டு வருது, அப்புறம் நைட்டு படுத்தா நான்தான் கெட்டவளோனு தோணுது"ன்னா. சுரண்டறத நிறுத்திட்டு இவன் "எனக்கும்"னான். அவ்ளோதான். இந்த "எனக்கும்" எந்த கவுன்சிலர் வாயிலருந்தும் வர முடியாது, எவ்ளோ பெரிய படிப்பு படிச்சிருந்தாலும்.

அமெரிக்காவுல போர்ட்லண்ட்ல 1982லருந்து டக்கி சென்டர்னு ஒண்ணு நடக்குது, பெத்தவங்கள, கூட பொறந்தவங்கள சாவுக்கு குடுத்த பிள்ளைங்களுக்காகவே. மூளையில கட்டி வந்து 13 வயசுல இறந்துபோன ஒரு பையன் பேரத்தான் வெச்சிருக்காங்க. அங்க பிள்ளைங்கள எப்படி பிரிக்கறாங்கன்னு பாருங்க, வயசு வாரியா, இறந்தது யாருங்கறத பொறுத்து, எப்படி இறந்தாங்கங்கறத பொறுத்து. தற்கொலையில அப்பாவ இழந்த பிள்ள மனசுல ஓடற கேள்வி வேற, நோயில இழந்த பிள்ளையோடது வேற. அங்க எரிமலை ரூம்னு ஒரு அறை இருக்கு, சுவரு தரை எல்லாம் மெத்த மாதிரி, பிள்ளைங்க உள்ள போய் குத்தலாம் உதைக்கலாம் கத்தலாம். சின்ன பிள்ளைகிட்ட போய் "உன் ஃபீலிங்க சொல்லு கண்ணா"ன்னா அது என்னத்த சொல்லும், அதுக்கு விளையாட்டும் கிரேயானும்தான் பாஷை. இதே மாதிரி குடிக்கறவங்க வீட்டு பதின்ம வயசு பிள்ளைங்களுக்கு அலாடீன்னு 1957லருந்தே குழுக்கள் நடக்குது, அத ஆரம்பிச்சதே அப்படி ஒரு வீட்டு பையன்தான்.

ஆனா குழுன்னு பேரு வெச்சு யார வேணா யாரோட வேணா உக்கார வெக்க கூடாது, இத அழுத்தி சொல்லணும். 1999ல டிஷன், மெக்கார்ட், பூலின்னு மூணு ஆய்வாளர்கள் எழுதினத படிச்சா கொஞ்சம் ஆடிதான் போவோம். தப்பு தண்டா பண்ற பசங்கள திருத்தறேன்னு ஒண்ணா சேத்து வெச்ச குழுக்கள்ல சில இடத்துல பசங்க முன்ன விட மோசமா ஆனாங்க, சிகரெட் கூடுச்சு, அடாவடி கூடுச்சு. ஒருத்தன் தான் பண்ண சேட்டைய சொல்றப்ப மத்தவங்க சிரிக்கறாங்கல்ல, அந்த சிரிப்பே அவனுக்கு மெடல். எல்லா குழுவுலயும் இப்படி ஆகறதில்லனு பின்னாடி வேற ஆய்வாளர்கள் மறுத்தாங்க, அதுவும் நியாயம்தான், ஆனா சஸ்பெண்ட் ஆன பசங்கள எல்லாம் ஒரே ரூம்ல போட்டு "கவுன்சிலிங்"னு போர்டு மாட்டறவங்க இத ஒரு தடவையாவது படிச்சிருக்கணும். அடி வாங்கினவனையும் அடிச்சவனையும் ஒரே வட்டத்துல உக்கார வெச்சு "ஃபிரெண்ட்ஸ் ஆயிடுங்க"ங்கறது அதவிட கொடும.

நல்லா நடக்கற குழுவுக்குனு சில பழக்கம் உண்டு. ஆறு, ஏழு, மிஞ்சி போனா பத்து பேரு, வயசு வித்தியாசம் ரெண்டு மூணுக்கு மேல போக கூடாது. பெரியவங்க ரெண்டு பேர் இருக்கணும், ஒருத்தர் அழுதுட்டு வெளிய போற பிள்ள பின்னாடி போனா இன்னொருத்தர் மத்தவங்களோட இருக்கணும்ல. சேக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தரையும் தனியா பாத்து பேசணும், உயிர மாய்ச்சுக்கற எண்ணத்துல இப்பவே துடிச்சிட்டு இருக்கற பிள்ளைக்கு குழு முதல் இடம் இல்ல, அவங்கள உடனே டாக்டர்கிட்ட கூட்டிட்டு போகணும். தன்ன தானே காயப்படுத்திக்கற பிள்ளைங்க இருந்தா மனசுல இருக்கறத பேசலாம், எதால எப்படி பண்ணேங்கற விவரம் மட்டும் குழுவுல பேச கூடாது, அது மத்தவங்களுக்கு தொத்திக்கும். அப்புறம், பேச இஷ்டம் இல்லனா "பாஸ்"னு சொல்லிட்டு சும்மா இருக்கற உரிம எல்லாருக்கும் உண்டு. அந்த பாட்டில் பையன் அத்தன வாரமும் பாஸ்தான் சொல்லிட்டு இருந்தான், யாரும் நோண்டல.

ரகசியம் விஷயத்துலதான் நெறைய இடத்துல கோட்ட விடறாங்க. இங்க பேசறது வெளிய போகாதுன்னு முதல் நாளே சொல்லணும், கூடவே எது வெளிய போகும்ங்கறதையும் அன்னைக்கே சொல்லிடணும். உன் உயிருக்கு ஆபத்துன்னாலோ, நீ இன்னொருத்தர ஏதாவது பண்ணிடுவன்னாலோ, உன்ன யாராவது கொடும பண்றாங்கன்னாலோ நாங்க உரியவங்ககிட்ட சொல்லித்தான் ஆவோம், அத உன்கிட்ட சொல்லிட்டே செய்ய பாப்போம்னு. இத சொல்லாம "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்"னு சத்தியம் பண்ணிட்டு அப்புறம் பிரின்சிபால் ரூம்ல போய் உடைக்கறவங்கள என்ன சொல்றது? அந்த பிள்ள அதுக்கப்புறம் இன்னொரு பெரியவங்கள நம்ப எத்தன வருஷம் ஆகுமோ. இன்னும் சில இடத்துல கிளாஸ் நடுவுல கதவ தட்டி பேர சொல்லி "உன்ன கவுன்சிலர் கூப்பிடறாங்க"ன்றாங்க, மொத்த கிளாசும் திரும்பி பாக்குது. தயவு செஞ்சு ஒரு சீட்டுல எழுதி குடுங்கப்பா.

பெத்தவங்க குழு முடிஞ்சு பிள்ள வெளிய வந்ததும் வண்டியில ஏத்தறதுக்குள்ள "என்ன பேசினீங்க, என்னைய பத்தி ஏதாவது சொன்னியா"ன்னு ஆரம்பிச்சிடறாங்க. அவங்க பயம் புரியுது, குத்தம் சொல்லல. அவங்களுக்கும் பேச ஒரு இடம் இல்லாததுதான் பாதி காரணம். டக்கி சென்டர்ல பிள்ளைங்க குழு நடக்கற அதே நேரத்துல கூட்டிட்டு வந்த பெரியவங்களுக்கும் தனியா ஒரு குழு நடக்குது. இங்க பாத்தா பிள்ள உள்ள இருக்கற நேரம் முழுக்க அவங்க வெளிய பெஞ்சுல போன நோண்டிட்டு உக்காந்திருக்காங்க. உங்க நிருபர் யாராவது அடுத்த தடவ இத பத்தி எழுத போனா உள்ள என்ன நடக்குதுன்னு கேக்கறதுக்கு முன்னாடி அந்த பெஞ்சுல கொஞ்ச நேரம் உக்காந்து அவங்ககிட்ட பேசி பாக்க சொல்லுங்க, அதுவே ஒரு முழு பக்கம் வரும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி