பொது சுகாதாரமும் மனித உரிமையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொற்றுநோய்களைப் பற்றிய செய்திகளில் கிருமிக்கும் தடுப்பூசிக்கும் கிடைக்கும் இடம் நோயாளியின் உரிமைக்குக் கிடைப்பதில்லை. இந்தக் குறை உறுத்தும்போதெல்லாம் அமெரிக்க மருத்துவர் ஜோனதன் மேனின் பணியை நான் எண்ணிப்பார்க்கிறேன்.

நியூ மெக்சிகோ மாநிலத்தில் தொற்றுநோயியல் அதிகாரியாக இருந்த அவர், 1984இல் அன்றைய ஜயர் நாட்டின் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) கின்ஷாசாவுக்குச் சென்று எய்ட்ஸ் ஆய்வுத் திட்டமொன்றை வழிநடத்தினார். 1986இல் ஜெனீவாவில் உலக சுகாதார நிறுவனத்தின் எய்ட்ஸ் திட்டப் பொறுப்பை ஏற்றார். எய்ட்ஸை உண்டாக்கும் எச்.ஐ.வி. கிருமியின் தொற்று உள்ளோரைக் கியூபா காப்பகங்களில் அடைத்துவைத்ததும், அமெரிக்கா 1987இல் தொற்று உள்ள அயல்நாட்டவருக்கு விதித்த நுழைவுத் தடையை 2010 வரை விலக்காமல் இருந்ததும் அந்தக் காலத்தின் மனநிலையைக் காட்டும். அந்த அச்சத்துக்கு நடுவேதான் மேன் வாதாடினார். வேலையும் வீடும் பறிபோகும் என்று அஞ்சுகிறவர் பரிசோதனைக்கு வரமாட்டார், அவர் வராவிட்டால் தொற்று யாருக்கும் தெரியாமல் பரவும், ஆகவே அவரது உரிமையைக் காப்பதே நோய்த்தடுப்பின் ஒரு பகுதி என்றார். எச்.ஐ.வி. தொற்று முதலாவது, எய்ட்ஸ் நோய் இரண்டாவது என்றால், எய்ட்ஸுக்கு எதிராகச் சமூகம் காட்டும் எதிர்வினையே மூன்றாவது கொள்ளைநோய் என்று 1987இல் ஐ.நா. பொதுச்சபையில் குறிப்பிட்டார். மறு ஆண்டில், உலக சுகாதார நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் கூடும் உலக சுகாதாரப் பேரவை, தொற்று உள்ளோரைப் பாகுபடுத்தக் கூடாதென்று தீர்மானம் நிறைவேற்றியது. நிறுவனத்தின் தலைமை இயக்குநருடன் ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால் 1990இல் அவர் பதவி விலகினார்.

பிறகு ஹார்வர்டில் பணியாற்றிய காலத்தில் அவர் வகுத்த வேறுபாடுதான் என்னை மிகவும் கவர்ந்தது. ஒரு மருத்துவர் ஒரு நோயாளிக்குச் செய்யும் சிகிச்சைக்கு மருத்துவ அறம் வழிகாட்டலாம். மக்கள்தொகை முழுவதையும் தொடும் பொது சுகாதாரத்துக்கோ மனித உரிமையே பொருத்தமான அளவுகோல் என்றார். எந்தச் சுகாதாரக் கொள்கையையும், பாகுபாடற்றது என்று நிரூபிக்கப்படும்வரை, பாகுபாடு உடையதாகவே கருதவேண்டும் என்றும் சொன்னார். கடுமையான நிபந்தனைதான்; ஆனால் சரியானது என்றே கருதுகிறேன்.

இந்த அளவுகோல் ஏன் தேவை என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி. பரவுவதை சிடோவுடின் மருந்து ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைக்கும் என்று 1994இல் தெரிந்த பின்னும், ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் நடந்த ஆய்வுகளில் கர்ப்பிணிகள் பலருக்கு, ஒப்பீட்டுக்காக, மருந்தில்லாத வெற்று மாத்திரையே தரப்பட்டது. "அங்கே எப்படியும் மருந்து கிடைப்பதில்லை" என்பதே அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். குறுகிய கால மருந்தும் பயன் தரும் என்பதை அந்த ஆய்வுகள் காட்டியதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் வறுமையையே மருத்துவத்தின் அளவாகக் கொண்ட அந்த நியாயத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

1998 செப்டம்பர் 2 அன்று நடந்த விமான விபத்தில் மேனும், தடுப்பூசி ஆய்வாளரான அவர் மனைவியும் உயிரிழந்தனர்.

புதிய சுகாதாரச் சட்டங்களைப் பற்றித் தங்கள் நாளிதழ் எழுதும்போது, அவை யாருடைய பெயரைப் பதிவுசெய்கின்றன, அந்தப் பதிவேடு யார் கைக்குப் போகும் என்ற கேள்விகளையும் எழுப்பவேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருத்துவர் ஒருவர்