சான்றிதழ் கொடுத்த பிறகு என்ன நடக்கிறது?

பெண் சிறுதொழில் முனைவோருக்குப் பயிற்சித் திட்டம் வகுப்பவர்களுக்கும், அதற்குப் பணம் ஒதுக்குபவர்களுக்கும்,

வணக்கம். உங்கள் ஆண்டறிக்கைகளில் ஒரு எண் தவறாமல் இருக்கும்: இத்தனை பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தோம். அந்தப் பெண்களின் லாபம் ஒன்றிரண்டு வருடம் கழித்து எவ்வளவு கூடியது என்று தேடினால் பெரும்பாலும் பதில் கிடைப்பதில்லை. சிறுதொழில் நடத்தும் பெண்ணாக எனக்கு வேண்டியது அந்த இரண்டாவது எண்தான்.

வகுப்பில் என்ன சொல்லித் தருகிறீர்கள்? வரவு செலவு எழுதுவது, விலை வைப்பது, சரக்கு இருப்பைப் பார்த்துக்கொள்வது. வேண்டிய பாடங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் 'இவர்களுக்குக் கணக்கு தெரியவில்லை, சொல்லிக் கொடுத்தால் சரியாகிவிடும்' என்ற நினைப்பு இதற்கு அடியில் இருக்கிறது. டோகோ நாட்டின் லோமே நகரில் 1,500 சிறுதொழில் முனைவோரை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தார்கள். முடிவு 2017இல் வெளியானது. ஒரு பிரிவுக்கு வழக்கமான வணிகப் பாடம். இன்னொரு பிரிவுக்கு, வாய்ப்பைத் தானே தேடிப் போவது, அடுத்த கடையிலிருந்து வேறுபட்டு நிற்பது, தடை வந்தால் மாற்று வழி பார்ப்பது என்று முன்முயற்சிப் பயிற்சி. முதல் பிரிவில் பெண்களின் லாபம் சுமார் 5 சதவீதம் கூடியது, அதாவது சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. இரண்டாவது பிரிவில் சுமார் 40 சதவீதம்! இரண்டு பிரிவுக்கும் பயிற்சி நேரம் ஒன்றுதான். பாடம்தான் வேறு.

அப்புறம் பணம். கடனோ மானியமோ பெண் பெயரில் கொடுத்தால் அது அவள் தொழிலுக்குத்தான் போகும் என்று எடுத்துக்கொள்கிறீர்கள். இந்தியா, இலங்கை, கானா மூன்று நாட்டுத் தரவுகளையும் சேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு 2019இல் வந்தது. பெண்களுக்குக் கொடுத்த முதலுக்கு லாபம் வரவில்லை என்று அதுவரை பேசப்பட்டதே, அதற்குக் காரணம் அவர்களுடைய திறமைக் குறைவு இல்லை. அந்தப் பணம் பல வீடுகளில் கணவரின் தொழிலுக்குப் போயிருந்தது. வீட்டில் தொழில் நடத்துபவர் அவள் ஒருத்தி மட்டுமே என்றால், ஆண்களுக்கு ஈடாக லாபம் எடுத்திருந்தாள். உகாண்டாவில் சில பெண்களுக்குக் கடனைக் கையில் ரொக்கமாகக் கொடுக்காமல் அவர்களுடைய கைபேசிப் பணக் கணக்கில் போட்டார்கள். எட்டு மாதம் கழித்துப் பார்த்தால், ரொக்கமாக வாங்கியவர்களைவிட அவர்களுடைய லாபம் அதிகம். இதற்கெல்லாம் பெரிய செலவா ஆகிவிடும்? கொடுக்கும் வழியை மாற்றினால் போதும்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது. அகமதாபாத்தில், சுயதொழில் செய்யும் பெண்களுக்கான கூட்டுறவு வங்கியான சேவா வங்கியின் வாடிக்கையாளர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி நடத்தினார்கள். சிலரைத் தனியாகவும் சிலரைத் தோழி ஒருத்தியைக் கூட்டிக்கொண்டும் வரச் சொன்னார்கள். கடன் வாங்கித் தொழிலில் இறங்கியதில் தோழியோடு வந்தவர்களே முன்னால் நின்றார்கள். வீட்டில் கட்டுப்பாடு அதிகமுள்ள பெண்களிடம் இந்த வித்தியாசம் இன்னும் கூடுதலாகத் தெரிந்தது. 'துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம்' என்று அழைப்பில் ஒரு வரி சேர்ப்பதற்கு எந்தக் குழுவின் ஒப்புதலும் வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

சட்டம் குறுக்கே நின்றால் பயிற்சியால் ஒன்றும் ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 1988 வரை சில மாநிலங்களில் தொழிற்கடன் வாங்கப் பெண்ணுக்கு ஆண் உறவினர் ஒருவரின் கையெழுத்து கேட்க முடிந்தது. அந்த ஆண்டு வந்த சட்டம்தான் அதை ஒழித்தது. பெண்களுக்கான தொழில் மையங்களுக்கு வழி செய்ததும் அதே சட்டம். இரண்டையும் ஒன்றாகச் செய்தார்கள் பாருங்கள்.

கேட்பது இவ்வளவுதான். பாடத்திட்டத்தை மாற்றி எழுதும்போது, ஏற்கெனவே தொழில் நடத்தும் பெண்களையும் கூட உட்கார வையுங்கள். பணத்தை அவள் பெயரில் உள்ள, அவள் மட்டும் கையாளும் கணக்கில் போடுங்கள். குழந்தையோடு வருபவர்களுக்கு இடம் வையுங்கள். காலை முதல் மாலை வரை வகுப்பு என்றால் அத்தனை நேரமும் கடை மூடிக் கிடக்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள். கென்யாவில் ஐந்து நாள் பயிற்சிக்கு மூன்று ஆண்டு கழித்துத் திரும்பப் போய், லாபம் சுமார் 15 சதவீதம் கூடியிருப்பதைக் கண்டார்கள். நீங்களும் அப்படித் திரும்ப வாருங்கள். லாபம் எவ்வளவு, அதில் அவள் கையில் நின்றது எவ்வளவு என்று கேட்டு, வந்த பதிலை, நன்றாக இல்லாவிட்டாலும், அடுத்த அறிக்கையில் போடுங்கள்.

இப்படிக்கு,
சிறுதொழில் நடத்தும் ஒரு பெண்