ஸ்கை என்றால் நீலம் இல்லை, கண்ணு

கோயமுத்தூர்,
ஞாயிற்றுக்கிழமை

கண்ணு,

போன வாரம் போனில், உன் பையன் ஒட்டுகிற மாடல் விமானத்துக்கு என்ன நிறம் அடிப்பது என்று நீ கேட்டதற்கு, "ஏதாவது ஒரு பச்சையை அடிச்சு விடு, யார் பார்க்கப் போறாங்க" என்று சொல்லிவிட்டேன். வைத்த பிறகுதான் உறுத்தியது. முப்பத்தைந்து வருஷம் காருக்கு பெயிண்ட் அடித்தவன் வாயில் வரக்கூடிய பேச்சா அது? "பேரன் அப்புச்சிகிட்டக் கேளுன்னு சொல்லி விட்டிருக்கான், நீங்க இப்படியா சொல்வீங்க" என்று உங்கம்மாவும் ஒரு பாட்டம் பிடித்துக்கொண்டாள். போனில் சொன்னால் உனக்குப் பாதி காதில் ஏறாது, பின்னாலேயே அடுப்பில் குக்கர் கத்தும். எழுதியே அனுப்புகிறேன். உன் பையனுக்கு, நம் தம்பிக்கு, நீயே படித்துக் காட்டு.

அவன் வைத்திருப்பது 72-இல் ஒரு பங்கு அளவுள்ள ஸ்பிட்ஃபயர், இரண்டாம் உலகப் போர்க் காலத்து பிரிட்டிஷ் போர் விமானம். அதிலும் மார்க் 1, முதல் வகை. நிஜ விமானத்தின் இறக்கை 36 அடி 10 அங்குலம். அவன் கையில் வரப்போவது ஒரு சாண் கூட இருக்காது. நீங்கள் குடியிருப்பதோ சவுத்தாம்ப்டனில். அந்த விமானம் 1936 மார்ச் 5 அன்று முதல்முதலாகப் பறந்த ஈஸ்ட்லீ மைதானம்தான் இப்போது உங்கள் ஊர் ஏர்போர்ட். அந்த ஊரில் இருந்துகொண்டு ஏதோ ஒரு பச்சையை அடித்தால் நன்றாகவா இருக்கும்?

நிறத்துக்கு முன்னால் பெயிண்டின் ஜாதியைச் சொல்லிவிடுகிறேன். இதில் நான் பட்டது உனக்கும் தெரியும். நீ ஆறாவது படிக்கும்போது உன் மாமா மெட்ராஸிலிருந்து ஒரு மிக்-21 போர் விமான மாடல் பெட்டி வாங்கி வந்தார். நீ பத்து நாள் உட்கார்ந்து ஒட்டினாய். "அப்பா, வெள்ளி கலர் அடிச்சுக் குடு" என்று பட்டறைக்கு எடுத்து வந்தாய். அன்றைக்கு ஒரு கார் வீலுக்குக் கலந்த என்.சி. சில்வர், அதாவது நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்ட், ஸ்ப்ரே கன்னில் மிச்சம் இருந்தது. ஒரே இழுப்பு. அடித்த நிமிஷம் கண்ணாடி மாதிரி இருந்தது. நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் இறக்கை இரண்டும் பாலாடை மாதிரி சுருங்கிப் போயிருந்தன. என்.சி. தின்னர் தகரத்தை ஒன்றும் செய்யாது, அந்தப் பிளாஸ்டிக்கைக் கரைத்துத் தின்றுவிடும். அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், யோசிக்கவில்லை. நீ அழவில்லை. அதை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டாய். அப்புறம் விமானம் என்ற பேச்சையே நீ எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

ஆகையால் தம்பியை காருக்கு அடிக்கிற ஸ்ப்ரே டப்பா பக்கமே விடாதே. மாடலுக்கென்று விற்கிற பெயிண்டில் இரண்டு வகை உங்களுக்குப் போதும். ஒன்று எனாமல், ஹம்ப்ரோல் சின்னத் தகர டப்பாவில் 14 மில்லி வரும். பிரஷ்ஷுக்கு அதைப் போல சொன்னபடி கேட்கிற பெயிண்ட் கிடையாது. மெதுவாகக் காய்வதால் பிரஷ் கோடுகள் தானாகவே படிந்து மறையும். ஆனால் வாடை இருக்கும், பிரஷ்ஷைக் கழுவ ஒயிட் ஸ்பிரிட் வேண்டும், ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் ஒரு நாள் விட வேண்டும். ஒன்பது வயசுப் பையனுக்கு ஏது அந்தப் பொறுமை? இன்னொன்று தண்ணீரில் கரைகிற அக்ரிலிக். வாலேஹோ மாதிரி சொட்டு மூடி பாட்டிலில் வருவது. அரை மணியில் அடுத்த கோட் போடலாம், தண்ணீரிலேயே கழுவலாம். அவனுக்கு இதையே வாங்கிக் கொடு. டாமியா பாட்டிலும் அக்ரிலிக்தான், ஆனால் அதில் ஆல்கஹால் கலந்திருக்கும். கன்னில் அடிக்க அருமையாக இருக்கும், பிரஷ்ஷில் இரண்டாவது கோட் போடும்போது முதல் கோட்டைப் பிய்த்துக்கொண்டு வரும். அதை அவன் பெரியவனாகி ஏர்பிரஷ் வாங்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் பாகங்களைத் துளி பாத்திரச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவை. அச்சிலிருந்து வரும்போது எண்ணெய்ப் பசை ஒட்டியிருக்கும். பிறகு சாம்பல் நிற ப்ரைமர், மாடலுக்கென்று இருப்பது. ப்ரைமர் வேண்டாம், நேராக அடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. என் பட்டறையில் ப்ரைமருக்குக் காசு மிச்சம் பிடித்த வண்டியெல்லாம் ஆறு மாதத்தில் உரிந்து திரும்பி வந்திருக்கிறது.

இனி நிறம். 1940 கோடையில் பறந்த ஸ்பிட்ஃபயருக்கு மேலே இரண்டு நிறம், கீழே ஒன்று. மேலே டார்க் எர்த், டார்க் கிரீன். கீழே ஸ்கை. ஹம்ப்ரோல் எண்ணில் 29, 30, 90. வேறு கம்பெனி என்றால் இந்தப் பெயர்களைச் சொல்லியே கேள். டார்க் எர்த் நம் பொள்ளாச்சிப் பக்கத்துச் செம்மண் இல்லை. பழைய நாட்டுச்சர்க்கரை கட்டி தட்டினால் ஒரு பழுப்பு வருமே, அது. டார்க் கிரீன் வெயிலில் வாடின கறிவேப்பிலை.

ஸ்கை விஷயத்தில்தான் எல்லாரும் ஏமாறுவது. பெயரைப் பார்த்துவிட்டு வான நீலத்தை வாங்கி வந்துவிடுவார்கள். அது நீலமே இல்லை. வெள்ளரிப் பிஞ்சை நறுக்கினால் விதைக்கு வெளியே ஒரு வெளிர் பச்சை இருக்கும் பார், அதில் கொஞ்சம் பால் விட்ட மாதிரி. அதற்கு முன்னால் அடியில் ஒரு இறக்கை கருப்பு, இன்னொன்று வெள்ளையாக இருந்தது. 1940 ஜூனில்தான் எல்லாவற்றையும் ஸ்கையாக மாற்றச் சொன்னார்கள். அவ்வளவு பெயிண்ட் ஒரே நாளில் எங்கே கிடைக்கும்? கிடைத்ததைக் கலந்து அடித்த இடங்களும் உண்டு. அதனால் நிஜ விமானங்களிலேயே அந்த நிறம் ஒன்றுபோல இருக்கவில்லை. தம்பியின் ஸ்கை ஒரு சாயல் பிசகினால் யாரும் அவனைத் தூக்கில் போடமாட்டார்கள் என்று சொல். ஆனால் டார்க் எர்த்துக்குப் பதில் சாம்பல் அடித்தால் தப்பு. ஓஷன் கிரே என்கிற அந்தச் சாம்பல் வந்தது 1941 ஆகஸ்டில்.

உங்கள் ஊர் மியூசியத்தில் ஒரு ஸ்பிட்ஃபயர் நிற்கிறதே, அதைப் பார்த்து அடித்துக்கொள்ளலாமா என்று கேட்டாய். வேண்டாம். அது பிற்காலத்து மாடல், நிறமும் வேறு. மியூசியம் விமானம் என்பது நாலு தடவை பெயிண்ட் மாற்றின கார் மாதிரி. கம்பெனி நிறம் வேண்டுமென்றால் நான் பெட்ரோல் மூடிக்குள்ளேதான் பார்ப்பேன், பானெட்டைப் பார்க்க மாட்டேன். பழைய கருப்பு வெள்ளைப் போட்டோவையும் அப்படியே நம்பாதே. அந்தக் காலத்துச் சில ஃபிலிம்களில் சிவப்பும் மஞ்சளும் கருத்து விழும், நீலம் வெளுத்துவிடும். விமானத்தின் பக்கவாட்டில் இருக்கும் விமானப்படை வட்டச் சின்னத்தின் வெளி மஞ்சள் வளையத்தை அந்தப் போட்டோவில் பார்த்தால் கருப்பு என்று சத்தியமே செய்வாய்.

அப்புறம் ஒரு சூட்சுமம். இதை நான் பட்டறையில் கற்கவில்லை, ரிட்டயர் ஆன பிறகுதான் புரிந்தது. அவன் மாடலை ஒரு அடி தூரத்தில் வைத்துப் பார்த்தால், நிஜ விமானத்தை 72 அடி தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். மருதமலையை அடிவாரத்தில் பார்த்தால் பச்சை, நம் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் சாம்பல் நீலம். தூரம் போகப்போக நிறம் வெளிறும். அதனால் டப்பாவில் இருக்கும் அசல் நிறத்தை அப்படியே அடித்தால் சின்ன விமானம் கருகின மாதிரி, பொம்மை மாதிரி இருக்கும். பத்துச் சொட்டுக்கு ஒரு சொட்டு வெள்ளை விடு. இந்த அளவுக்கு 15 சதவீதம் வரை விடுபவர்களும் இருக்கிறார்கள், எனக்கு அது கொஞ்சம் சோகை பிடித்தமாதிரி தெரிகிறது. பச்சைக்கு மட்டும் வெள்ளைக்குப் பதில் துளி மஞ்சள் கலந்த சாம்பலை விட்டால் புதினாச் சட்னி நிறம் வராமல் தப்பிக்கலாம்.

இரண்டு நிறமும் சேருகிற இடத்தைக் குழைத்துவிட வேண்டுமா என்றும் கேட்டிருந்தாய். நிஜத்தில் அங்கே ஒரு அங்குலம் மங்கலாக இருந்தது என்றே வைத்துக்கொள், 72-இல் வகுத்தால் அரை மில்லிமீட்டர் கூட வராது. கண்ணுக்கே தெரியாது. மாஸ்கிங் டேப்பை வளைத்து வெட்டி ஒட்டி அடிக்கச் சொல். ஒட்டுவதற்கு முன் டேப்பை உன் உள்ளங்கையில் இரண்டு தடவை ஒட்டி எடு, பசை குறையும், கீழே இருக்கும் கோட் உரிந்து வராது.

ஸ்டிக்கர் ஒட்டுவதற்கு முன்னால் பளபளக்கிற க்ளாஸ் வார்னிஷ் ஒரு கோட் கட்டாயம். பளபளப்பில்லாத மேட் பெயிண்ட் சொரசொரப்பு, அதன்மேல் ஒட்டினால் அடியில் காற்று நின்று வெள்ளி வெள்ளியாகத் தெரியும். ஒட்டிக் காய்ந்த பிறகு மேட் வார்னிஷ். மழை நாளில் ஸ்ப்ரே வார்னிஷ் அடிக்காதே, ஈரத்தில் வெண்மை பூத்துப்போகும். உங்கள் ஊரில் மழை இல்லாத நாள் எது என்று நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எந்த விமானத்தை மாதிரியாக வைப்பது என்று தம்பி முடிவு செய்யவில்லை என்றால், பிரிட்டிஷ் விமானப்படையின் 234-ஆம் ஸ்குவாட்ரன், அதாவது படைப்பிரிவு. 1940-இல் ஸ்பிட்ஃபயர் ஓட்டினவர்கள், பக்கவாட்டில் ஏ, இசட் என்று எழுத்து. அந்த ஸ்குவாட்ரனின் முழுப் பெயரில் 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்று சேர்ந்திருக்கும். போருக்கு மாகாணம் கொடுத்த பணத்துக்கு மரியாதை. கோயமுத்தூரும் அந்த மாகாணம்தானே. அந்தப் பணத்தில் எங்கள் தாத்தாவிடம் பிடுங்கின வரியும் இரண்டணா இருக்கும்.

உன் மிக்கைத் தூக்கிப் போட்டுவிட்டேன் என்று நினைத்திருப்பாய். இல்லை. பட்டறையில் ஆணியில் மாட்டி, புதிதாகக் கலக்குகிற ஒவ்வொரு நிறத்தையும் அதன் வயிற்றில்தான் அடித்துப் பார்த்தேன். எப்படியும் பாழாய்ப் போனதுதானே என்று. இருபது வருஷத்துக் கோயமுத்தூர் கார்களின் நிறமெல்லாம் அதில் இருக்கிறது. உடம்பு விரல் தடிமன் ஏறிவிட்டது. 2025 செப்டம்பரில் சண்டிகரில் நம் விமானப்படை மிக்-21-க்கு விடை கொடுத்ததை டிவியில் காட்டினார்கள். அன்றைக்கு அதை எடுத்து ஒரு ஓரத்தில் 400 நம்பர் வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்தேன். மாருதி வெள்ளை, அதன் கீழே ஒரு மெரூன், அதன் கீழே யாரோ ஒரு டாக்டரின் அம்பாசடர் நீலம். உன் சில்வர் வர இன்னும் நிறையத் தேய்க்க வேண்டும். தினமும் கொஞ்சம் தேய்க்கிறேன்.

தம்பி முதல் கோட் அடித்ததும் வீடியோவில் காட்டச் சொல். ட்யூப்லைட் கீழே வேண்டாம், ஜன்னலோரமாகப் பிடிக்கட்டும். உங்களுக்குக் காலை பதினொரு மணி என்றால் எனக்குச் சௌகரியம், மத்தியானத் தூக்கம் முடிந்திருக்கும்.

அப்பா