நிவாரணம் பட்டாவுக்கா, பயிருக்கா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கொரோனா ஊரடங்கில் விவசாயிகளுக்கு வந்த 2,000 ரூபாயைத் தனி நிவாரணம் என்றே பலரும் இன்னும் நினைக்கிறார்கள். உண்மையில் அது மத்திய அரசின் பி.எம். கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு மூன்று தவணையாக வரும் 6,000 ரூபாயின் ஒரு பகுதி. 2020 ஏப்ரல்-ஜூலை தவணையை ஏப்ரல் தொடக்கத்திலேயே போட்டார்கள், அவ்வளவுதான். விளைந்ததை விற்க வழியில்லாமல் போன நஷ்டத்துக்கு அதில் ஒரு ரூபாய்கூட இல்லை.

அந்தப் பணமும் பட்டாதாரருக்குத்தான் போனது. எங்கள் பகுதியில் விளையும் இலவம்பாடி முள்ளுக் கத்தரியை எடுத்துக்கொள்ளுங்கள். பறிப்பு தள்ளிப்போனால் காய் முற்றி விதை கட்டிவிடும். முற்றிய காய் செடியிலேயே நின்றால் அடுத்த பூவும் குறையும். ஆகவே விலை இல்லாவிட்டாலும் கூலி கொடுத்துப் பறித்தே ஆக வேண்டும். குத்தகை நிலமானால் அந்தக் கூலி, மருந்து, உரம் எல்லாம் குத்தகைதாரரின் கைப்பணம். 2,000 ரூபாயோ நிலத்துக்காரர் கணக்கில்!

சொந்த நிலம் இருந்தும் விடுபட்டவர்கள் உண்டு. முக்கியக் காரணம், பட்டா இறந்துபோன அப்பா பெயரிலேயே இருப்பது. இறப்புச் சான்று, வாரிசுச் சான்றுடன் இ-சேவை மையத்தில் பட்டா மாறுதலுக்கு மனு போட வேண்டும். பங்கைத் தனியாகப் பிரித்து உட்பிரிவு கேட்டால் சர்வேயர் வந்து அளக்கும்வரை காத்திருக்க நேரும். முதலில் கூட்டுப் பட்டாவில் எல்லா வாரிசுகள் பெயரையும் ஏற்றிவிடுவது நல்லது. இன்னொன்று, ஆதார் வழியாக வரும் பணம் கடைசியாக ஆதாரை இணைத்த கணக்குக்கே போகும். பழைய பாஸ்புக்கைப் பார்த்துவிட்டுப் பணம் வரவில்லை என்று அலைபவர்கள் முதலில் இதை வங்கியில் கேட்க வேண்டும்.

2020-இல் வட மாவட்டங்களில் நிலமே இல்லாதவர்கள் பெயரில் பதிவு செய்து பணம் எடுத்த மோசடி வெளிவந்தது. வேளாண் அலுவலகக் கடவுச்சொற்களே அதற்குப் பயன்பட்டன. பிறகு சரிபார்ப்பு இறுகியது, சரிதான். ஆனால் பயிர் வைப்பவர் யார் என்ற கேள்வி அப்போதும் எழவில்லை.

வெள்ளத்தில் பயிர் போனால் வருவாய்த் துறையும் வேளாண் துறையும் கூட்டாக வயலில் இறங்கி, 33 சதவீதத்துக்கு மேல் சேதமா என்று பார்த்து நிவாரணம் தருகின்றன. ஊரடங்கில் பயிர் நன்றாகவே நின்றது, சந்தைதான் இல்லை. அந்த நஷ்டத்தை அளக்க இந்த விதியில் இடமே இல்லை.

அளக்க, கிராமத்துப் பயிர்க் கணக்குப் பதிவேடான அடங்கல் போதும். பசலிதோறும், அதாவது ஒவ்வொரு வருவாய் ஆண்டும், சர்வே எண் வாரியாக என்ன பயிர், எவ்வளவு பரப்பு, யார் சாகுபடி என்பது அதில் இருக்க வேண்டும். பயிர்க் காப்பீட்டுக்கு அடங்கலை ஏற்கும் அரசு நிவாரணத்துக்கும் ஏற்கலாம். சிக்கல் எங்கே என்றால், 1955-ஆம் ஆண்டு குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பயந்து நிலத்துக்காரர்கள் குத்தகைதாரர் பெயரை ஏற விடுவதில்லை. எனவே நிலத்தின் மீது எந்த உரிமையும் தராத, நிவாரணத்துக்கு மட்டும் செல்லும் சாகுபடிச் சான்றை கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.) அந்தந்தப் பசலிக்கு வழங்க அரசு ஆணையிட வேண்டும். வேலூர் மாவட்ட விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் இந்தக் கோரிக்கையைத் தீர்மானமாகவே எழுதி அரசுக்கு அனுப்பலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அணைக்கட்டு, வேலூர் மாவட்டம்.