சைக்கிள் வரையும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நீ கொண்டுவரப் போகும் சைக்கிள் இதழின் மாதிரிப் பக்கங்களைப் பார்த்தேன். வண்ணங்கள் அருமை. மழையில் மேடேறும் அந்தப் பெண்ணின் முதுகு வளைவைப் பார்த்ததுமே, நீயும் வண்டி மிதிக்கிறவன் என்று தெரிந்துவிட்டது. ஆனால் மூன்றாம் பக்கத்தில் ஒரு சிக்கல். அந்தப் பையன் இடப்பக்கம் நோக்கிப் போகிறான், செயினோ நம் பக்கம் முழுசாகத் தெரிகிறது. செயின் வண்டியின் வலப்புறம்தானே இருக்கும்? வலப்பக்கம் பார்த்து வரைந்ததைக் கணினியில் திருப்பிப் போட்டிருப்பாய் என்று நினைக்கிறேன். சைக்கிள் பைத்தியங்களின் கண் முதலில் போவதே அங்கேதான்.

இதில் உனக்குப் பெரிய துணை உண்டு. 1896-இல் சிம்ப்சன் என்ற சைக்கிள் செயினுக்கு ஒரு விளம்பரச் சுவரொட்டி வேண்டும் என்று பிரெஞ்சு ஓவியர் துலூஸ் லோத்ரெக்கிடம் கேட்டார்கள். பந்தயத் திடல்களில் சுற்றிக்கொண்டிருந்த மனிதர் அவர். ஜிம்மி மைக்கேல் என்ற வேல்ஸ் வீரரை, வாயில் பல்குச்சியோடு, வண்டிமேல் குனிந்தபடி வரைந்தார். ஆளைப் பிடித்துவிட்டார், செயின் மட்டும் சரியாக வரவில்லை. விற்க வந்த பொருளே செயின் அல்லவா! படத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அப்புறம் கான்ஸ்டன் யூரே என்ற வீரரை வைத்து வரைந்ததுதான் விளம்பரமாகச் சுவரேறியது. தள்ளுபடியான படத்தையும் லோத்ரெக் மூட்டை கட்டி வைக்கவில்லை. தனியே கொஞ்சம் பிரதிகள் அச்சடித்தார். (அந்தச் சிம்ப்சன் செயின் அதிக நாள் சந்தையில் நிற்கவில்லை என்பது வேறு கதை.)

சரி, தப்பாக வரையவே கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டேன். இத்தாலிய வடிவமைப்பாளர் ஜான்லூகா ஜிமினி 2009 முதல் பார்க்கிறவர்களிடமெல்லாம் ஒரு தாளை நீட்டி, நினைவிலிருந்து ஒரு சைக்கிள் வரையச் சொன்னார். ஏறி உட்கார்ந்தால் ஒடிந்துவிடும் ஃப்ரேம்கள் வந்தன. முன் சக்கரத்தோடு செயினைக் கட்டிய படங்கள் வந்தன. அவர் எதையும் திருத்தவில்லை. சிலவற்றைத் தேர்ந்தெடுத்து, கடையில் வாங்கக் கிடைக்கும் வண்டிபோலப் பளபளவென்று கணினியில் உருவாக்கிக் காட்டினார். இத்தாலிய ஓவியர் போச்சியோனி 1913-இல் வரைந்த சைக்கிள்காரனிலோ ஆள் எங்கே முடிகிறான், வண்டி எங்கே தொடங்குகிறது என்றே சொல்ல முடியாது. வேகம் மட்டும் இருக்கிறது. ஜிமினியும் போச்சியோனியும் எதை மீறுகிறோம் என்று தெரிந்து மீறினார்கள். உன் மூன்றாம் பக்கத்துச் செயினைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை.

அதனால் ஒரு வண்டியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து வரை. முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் கீழே எவ்வளவு முன்னால் வளைகிறது என்று பார். பின் சக்கரத்தின் ஸ்போக்ஸ் கம்பிகள் பெரும்பாலும் சூரியக் கதிர் மாதிரி நேராகக் கிளம்பாது. சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பின் விளிம்பிலிருந்து சாய்வாகப் புறப்பட்டு, ஒன்றையொன்று குறுக்கே வெட்டிப் போகும். மிதிக்கும் விசையை ரிம்முக்குக் கடத்துவது அந்தச் சாய்வுதான். பெடல் ஒன்று கீழே இருந்தால் மற்றது நேர் எதிரே மேலே இருக்கும். கீழே போன காலின் முழங்கால் இலேசாக மடிந்திருக்கும். விறைப்பாக நீட்டினால் சீட் உயரம் தப்பு என்று அர்த்தம். இதெல்லாம் கைக்கு வந்துவிட்டால் நாலே கோட்டில் ஒரு வண்டியைக் காட்டிவிடலாம்.

அட்டையில் இருக்கும் பூக்கூடை சைக்கிள் எனக்குப் பிடிக்கவில்லை. வாழ்த்து அட்டை, சுவர் நாட்காட்டி, தேநீர்க் கோப்பை என்று எல்லாவற்றிலும் அதே வண்டி அசையாமல் நிற்கிறது. அதை யாரும் ஓட்டியதாகத் தெரியவில்லை. உன்னிடம் பஞ்சர் ஒட்டும் ஆளின் கைகள் இருக்கின்றன, கிரீஸ் படிந்த நகங்களோடு. அதைத் தூக்கி அட்டையில் போடு.

உள்ளே முழுக்கப் பந்தயக்காரர்களாகவே இருக்கிறார்கள் என்பதையும் யோசி. லண்டனில் 2008-இல் இரண்டு சகோதரர்கள் தொடங்கிய 'தி ரைடு ஜர்னல்' பந்தயம், மலைப்பாதை, வேலைக்குப் போகிற வண்டி என்று எல்லாரையும் ஒரே இதழில் உட்கார வைத்தது. பக்கத்துக்குப் பக்கம் வேறு வேறு ஓவியர்கள். அதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்காவின் மினியாபொலிஸில் ஆர்ட்கிராங்க் என்ற சைக்கிள் சுவரொட்டிக் கண்காட்சி தொடங்கியது. அதிலும் உள்ளூர் ஓவியர்கள்தான் வரைந்தார்கள். சுற்றியிருப்பவர்களைக் கேட்டாலே இதழ் நிறைந்துவிடும்.

கடைசியாக அச்சு விஷயம். நடுவில் பின் அடிக்கும் இதழ் என்றால் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். உன் மாதிரி அப்படி இல்லை, ஆகவே பக்கங்களைக் கூட்டு அல்லது குறை. ரிசோ அச்சு இயந்திரத்தில் இரண்டு வண்ணம் என்று எழுதியிருந்தாய். அதில் ஒரு வண்ணத்தின்மேல் இன்னொன்று விழும்போது கொஞ்சம் விலகும். ஸ்போக்ஸ், பிரேக் கேபிள் போன்ற மெல்லிய கோடுகளை இரண்டு மையில் பிரிக்காதே, ஒரே மையில் வை. இல்லாவிட்டால் ஒவ்வொரு கம்பியும் இரண்டாகத் தெரியும். முழு இதழையும் ஓட்டுவதற்கு முன், அந்த மழைப் பக்கத்தை மட்டும் அச்சடித்துப் பார்.

அன்புடன்,
அண்ணன்