நள்ளிரவில் உரித்த பூண்டு

மதுரை,
ஞாயிறு மதியம்.

அன்புள்ள மல்லிகாவுக்கு,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு உட்கார்ந்து எழுதியிருக்கிறாய் என்று கையெழுத்தே சொல்கிறது. ஹாஸ்டலில் தலையணையில் தலை வைத்த மறுநிமிஷம் குறட்டை விட்டவளடி நீ! உன் குறட்டைக்குப் பயந்து நாங்கள் உனக்கு முன்னால் தூங்கப் போட்டி போடுவோம். நீ போய் ‘பொட்டுத் தூக்கம் இல்லை’ என்று எழுதியதைப் படிக்க என்னவோ போல் இருந்தது.

எனக்குத் தூக்கம் எப்படிச் சரியானது என்று கேட்டிருக்கிறாய். முழுக்கச் சரியாகிவிடவில்லை. போன வாரம்கூட ஒரு ராத்திரி விடிய விடிய விழித்திருந்தேன். மறுநாள் வழக்கம்போல எழுந்து சமைத்தேன், அவ்வளவுதான். மூன்று வருஷம் பட்ட பாட்டுக்கு இது எவ்வளவோ மேல்.

எனக்கு ஆரம்பித்தது மாதவிலக்கு நிற்கிற சமயத்தில். நடு ராத்திரி உடம்பு தீயாய்க் கொதிக்கும், ஜாக்கெட் நனைந்துவிடும். அந்தச் சூடு ஒரு வருஷத்தில் அடங்கிவிட்டது, போன தூக்கம் மட்டும் திரும்பவில்லை. பார்க்காத வைத்தியம் இல்லை. நீ எழுதியிருக்கிற மருதாணிப்பூவைத் தலையணைக்கு அடியில் வைத்தேன்; அறை மணத்தது. பாலில் ஜாதிக்காய் உரசிக் குடித்தேன். கொஞ்சம் கூடுதலாகப் போட்டால் நன்றாக வரும் என்று நினைத்து ஒரு நாள் வாந்தி எடுத்ததுதான் மிச்சம். அமுக்கரா சூரணம் ஒரு மண்டலம் சாப்பிட்டேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, சிலருக்குக் கேட்கிறதாம். ஆனால் நீ தைராய்டு மாத்திரை போடுகிறவள். தைராய்டு அளவையே அது மாற்றிவிடலாம், டாக்டரைக் கேட்காமல் தொடாதே.

இதில் ஒரு வேடிக்கை. டிவி முன்னால் நாற்காலியில் ஏழு மணிக்கே கண் சொக்கும். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டே தூங்குவேன். கட்டிலில் ஏறிப் படுத்தால் யாரோ சுவிட்சைப் போட்ட மாதிரி பளிச்சென்று விழிப்பு. இதை ஒரு மனநல டாக்டரிடம் சொன்னபோதுதான் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதற்கு முன் போன இன்னொருவர் என் முகத்தைப் பார்க்காமலே மாத்திரை எழுதித் தந்தவர், அந்தக் கதை வேண்டாம்.

இவர் சொன்னது: தூக்கத்தைக் கெடுத்த காரணம் ஒன்று, கெட்டதைக் கெட்டபடியே வைத்திருக்கிற காரணம் வேறு. ஸ்பீல்மேன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1980களில் பிரித்துச் சொன்னதாம். என் உடம்புச் சூடு முதலாவது. தூக்கம் போச்சே என்று எட்டு மணிக்கே போய்ப் படுத்தது, காலையில் ஏழு வரை புரண்டது, மதியம் கண்ணயர்ந்தது, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து இன்னும் மூன்று மணி நேரம்தான் என்று கணக்குப் போட்டது எல்லாம் இரண்டாவது. கட்டில் என்றாலே விழிப்பு என்று உடம்பு படித்துக்கொண்டுவிட்டது. அதை மறக்கடிக்க வேண்டும்.

இரண்டு வாரம் நோட்டில் எழுதச் சொன்னார். பதினோரு மணி நேரம் படுக்கையில் கிடக்கிறேன், தூங்குவது ஐந்தரை. சரி, இனிமேல் படுக்கையில் ஐந்தரை மணி நேரம்தான் என்றார்! ராத்திரி பன்னிரண்டுக்குப் படுத்து ஐந்தரைக்கு எழ வேண்டும், தூங்கினாலும் தூங்காவிட்டாலும். தூங்க வந்தவளை விழித்திரு என்கிறாரே, இவருக்குப் பைத்தியமா என்று வீட்டுக்காரரிடம் புலம்பினேன். முதல் இரண்டு வாரம் நரகம். ஸ்கூட்டரைத் தொடவே இல்லை, பட்டப்பகலில் அப்படித் தள்ளாட்டம்.

தூக்கம் வராமல் கொஞ்ச நேரம் கிடந்தால் எழுந்து வேறு அறைக்குப் போய்விட வேண்டும். போன் கூடாது, டிவி கூடாது, சுவாரசியமில்லாத வேலை எதையாவது செய்யலாம். நான் பூண்டு உரித்தேன். கூடத்தில் சின்ன விளக்கைப் போட்டுக்கொண்டு, முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, ராத்திரி ஒரு மணிக்கு. வீட்டுக்காரர் தண்ணீர் குடிக்க எழுந்துவந்து பயந்தே போனார்.

மூன்றாவது வாரம் முறம் பாதியிலேயே கை தளர்ந்தது. படுத்ததும் தூங்கிப்போனேன். படுக்கையில் இருக்கிற நேரத்தில் நூற்றுக்கு எண்பத்தைந்து தூக்கமாக இருந்தால் டாக்டர் வாரம் ஒரு கால் மணி நேரம் கூட்டித் தருவார், ரேஷன் மாதிரி. இப்போது ஆறே முக்கால் மணி நேரம் தூங்குகிறேன். நான்கு மணி காபியை விட்டதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். குடித்து ஐந்தாறு மணி நேரம் ஆனாலும் பாதி காபி உடம்பில்தான் நிற்குமாம். மதுரைக்காரியிடம் சொல்கிற பேச்சா இது?

அப்புறம் அந்தத் தூக்க மாத்திரை. பக்கத்து வீட்டம்மா கொடுத்த ‘அரை மாத்திரை’ என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அது பதற்றத்துக்குத் தருகிற அல்பிரசோலமாகத்தான் இருக்கும். சீட்டு இல்லாமல் கடையிலேயே தரக் கூடாதது, அடுத்த வீட்டில் வாங்குகிற கருவேப்பிலையா அது? நானும் எட்டு மாதம் போட்டேன். முதல் மாதம் அமிர்தம், பிறகு ஒன்று ஒன்றரையானது. ஒரு நாள் பட்டென்று நிறுத்திவிட்டு இரண்டு ராத்திரி கை நடுங்க உட்கார்ந்திருந்தேன். தினமும் போட்டிருந்தால் நீயாக நிறுத்திவிடாதே. டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

அதைவிட முக்கியம் உன் குறட்டை. இடையில் மூச்சு நின்று திணறி எழுகிறாயா என்று வீட்டில் கேள். அப்படியென்றால் உன் கதையே வேறு. நான் எழுதிய வழியைப் பிறகு பார்க்கலாம், முதலில் மூச்சைச் சோதிக்க வேண்டும். அந்த மாதிரி ஆட்களுக்குத் தூக்க மாத்திரை ஆபத்து. கோயம்புத்தூரில் தூக்கத்தைச் சோதிக்கிற இடங்கள் இருக்கின்றன, ஒரு ராத்திரி படுத்துப் பார்ப்பார்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் எழுது, நான் வருகிறேன்.

பெரியவளுக்கு வரன் பார்ப்பதைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திவிட்டாய். உன் தூக்கம் அங்கேதான் போயிற்றோ? விவரமாக எழுது.

உன் தம்பி மகனிடம் ஒரு பாட்டில் பூண்டு ஊறுகாய் கொடுத்தனுப்புகிறேன். அந்த ராத்திரிகளில் உரித்ததில் கடைசி பாட்டில். இவர் இன்னொன்று போடச் சொல்லி நச்சரிக்கிறார், உரிக்கத்தான் ஆளில்லை.

அன்புடன்,
உன் சரோஜா